சீட்டுக்கு சட்டம் இருக்கு... பீசுக்கு சட்டம் எங்கே?

கல்லூரி கதவை திறந்து விடுவது சட்டசபை. உள்ளே போக பணம் தருவது வெறும் அரசாணை

சென்னை:

சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் 2020-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி மருத்துவ கவுன்சிலிங் தொடங்கியது. அரசு பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுக்கும் சட்டம் முதல் முறையாக அமலுக்கு வந்த கவுன்சிலிங் அது. அதற்கு முந்தைய ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசு பள்ளி மாணவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். அந்த ஆண்டோ 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டன. கூலி வேலை செய்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், டெய்லர் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் கையில் டாக்டர் சீட்!

ஆனால் சந்தோஷம் எல்லோருக்கும் நீடிக்கவில்லை. அரசு கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுக்கு ஆண்டு கட்டணமே லட்சக்கணக்கில் வந்து நின்றது. பணத்துக்கு எங்கே போவது என்று தெரியாமல், கைக்கு வந்த சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பிய மாணவர்களும் உண்டு.

விஷயம் பெரிதானது. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க., இந்த மாணவர்களின் செலவை கட்சியே ஏற்கும் என்றது. அதே சூட்டோடு முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி, அரசே கட்டணத்தை ஏற்கும் என்று அறிவித்தார். ஆனால் அந்த அறிவிப்பு வருவதற்குள் கவுன்சிலிங்கில் சில நாள் ஓடிவிட்டது.

சட்டம் சீட்டை கொடுத்தது. பீசை பற்றி யாரும் முன்கூட்டியே முடிவு செய்து வைக்கவில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்வி பற்றி போடப்பட்ட சட்டங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இதே கதை திரும்ப திரும்ப வருகிறது. யாருக்கு இடம் என்பது சட்டத்தில் இருக்கும். அந்த இடத்துக்கு பணம் யார் தருவது என்பது பெரும்பாலும் அரசாணையில்தான் இருக்கும்.

இரண்டும் ஒண்ணுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். ஒண்ணு இல்லை.

சட்டம் வேறு... அரசாணை வேறு!

சட்டசபையில் மசோதா கொண்டு வந்து, ஓட்டெடுப்பு நடத்தி, கவர்னரோ ஜனாதிபதியோ ஒப்புதல் கொடுத்து, அரசிதழில் வெளியானால் அது சட்டம். அதை மாற்ற வேண்டும் என்றால் திரும்பவும் சட்டசபைக்குத்தான் போக வேண்டும். எல்லா கட்சியும் பேசும், பத்திரிகையில் வரும், ஊருக்கே தெரியும்.

அரசாணை அப்படி இல்லை. அரசு தன் நிர்வாக அதிகாரத்தில் போடுவது. துறை செயலாளர் கையெழுத்தோடு வெளிவரும். அமலில் இருக்கும் வரை அதற்கும் மதிப்பு உண்டு, கோர்ட்டிலும் காட்டலாம். ஆனால் இன்னொரு அரசாணை போட்டால் பழையது போச்சு. சட்டசபையை கூட்ட வேண்டியது இல்லை.

வாடகை வீட்டுக்கும் பட்டா வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. இரண்டிலும் குடும்பம் நடத்தலாம். ஆனால் ஒன்றில் ஓனர் மனசு மாறினால் மூட்டை கட்ட வேண்டும்.

அதற்காக அரசாணையை குறைத்து சொல்லவும் முடியாது. அதன் பலம் வேகம். 7.5 சதவீத மசோதா சட்டசபையில் 2020 செப்டம்பர் 15-ந்தேதி நிறைவேறியது. கவர்னராக இருந்த பன்வாரிலால் புரோகித் ஒப்புதல் தராமல் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. கவுன்சிலிங் நெருங்கியதும் அக்டோபர் 29-ந்தேதி தமிழக அரசு அதே ஒதுக்கீட்டை அரசாணையாக வெளியிட்டது. மறுநாளே கவர்னர் மசோதாவில் கையெழுத்து போட்டார். அந்த அரசாணை வராமல் இருந்தால் அந்த ஆண்டு மாணவர்களுக்கு என்ன ஆகி இருக்கும் என்பது கேள்விக்குறிதான்.

ஆக, அவசரத்துக்கு அரசாணை கைகொடுக்கும். ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்க சட்டம் வேண்டும்.

மூன்றாவது முறைதான் வெற்றி

இதற்கு நல்ல உதாரணம் நுழைவுத்தேர்வு ரத்து. என்ஜினீயரிங், மருத்துவம் சேர தமிழ்நாட்டில் 1984-ம் ஆண்டு முதல் நுழைவுத்தேர்வு இருந்தது. கோச்சிங் சென்டருக்கு பணம் கட்டக்கூடிய நகரத்து பிள்ளைகள் முன்னால் போனார்கள். கிராமத்து பிள்ளைகள் பிளஸ்-2வில் நல்ல மார்க் எடுத்தும் பின்னால் நின்றார்கள்.

2005-ல் ஜெயலலிதா அரசு, நுழைவுத்தேர்வு கிடையாது என்று அரசாணை போட்டது. ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் அதையே சட்டமாக கொண்டு வந்தார்கள். மத்திய அமைப்புகளின் விதிகளோடு மோதுகிறது என்று அதுவும் ஐகோர்ட்டில் அடிபட்டது.

பிறகு வந்த கருணாநிதி அரசு, கல்வியாளர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, ஆய்வு நடத்தி, 2006 டிசம்பரில் புது சட்டம் நிறைவேற்றி, ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கியது. 2007-ல் அந்த சட்டம் ஐகோர்ட்டில் செல்லும் என்று தீர்ப்பானது. அதில் இருந்துதான் பிளஸ்-2 மார்க்கை மட்டும் வைத்து என்ஜினீயரிங் கவுன்சிலிங் நடக்கிறது.

நோக்கம் மூன்று முறையும் ஒன்றுதான். அரசாணை நிற்கவில்லை. அவசரமாக போட்ட சட்டமும் நிற்கவில்லை. ஆதாரம் திரட்டி, ஒப்புதல் வாங்கி, அடித்தளம் போட்டு கட்டியதுதான் நின்றது.

69 சதவீத இடஒதுக்கீட்டின் கதையும் இதுதான். முதலில் அது பல அரசாணைகளால் படிப்படியாக வந்தது. 1992-ல் மண்டல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 50 சதவீத வரம்பு என்று சொன்னதும் ஆபத்து வந்தது. 1993 டிசம்பர் 31-ந்தேதி சட்டசபையில் மசோதா நிறைவேறியது. 1994-ல் ஜனாதிபதி ஒப்புதல். அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் 9-வது அட்டவணையில் சேர்த்து பாதுகாப்பும் போட்டார்கள். 30 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு சட்டம் வந்தது. 2024 ஆகஸ்டு 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 7 நீதிபதிகள் அமர்வு, பட்டியல் இனத்துக்குள் உள்ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. தமிழக சட்டமும் தப்பித்தது. 7.5 சதவீத மருத்துவ சட்டமும் 2022 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டில் செல்லும் என்று தீர்ப்பானது. 5 ஆண்டுக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று மட்டும் கோர்ட்டு சொன்னது.

பலன் கண்ணுக்கு தெரிகிறது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்வி கணக்கெடுப்பில், கல்லூரி வயதில் இருப்பவர்களை வைத்து போடும் மொத்த சேர்க்கை விகிதம் இந்தியா முழுவதும் 28.4. தமிழ்நாட்டில் 47. இதற்கு சட்டங்கள் மட்டும் காரணம் இல்லை. சத்துணவும், பஸ் பாசும், ஊருக்கு ஊர் திறந்த அரசு கல்லூரிகளும் சேர்ந்துதான். ஆனால் யாருக்கு இடம் என்பதை உறுதி செய்தது சட்டம்.

பீஸ் எங்கே இருந்து வருது?

இப்போது பணத்துக்கு வருவோம். ஏழை வீட்டு பிள்ளை கல்லூரி கட்டணம் கட்டாமல் படிக்கிறான் என்றால், பின்னால் என்ன இருக்கிறது?

* முதல் பட்டதாரி சலுகை: குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லை என்றால், கவுன்சிலிங் வழியாக என்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்கு கல்வி கட்டண சலுகை. 2010-ல் வந்தது. சாதி பார்ப்பது கிடையாது. வந்த வழி: அரசாணை.

* 7.5 சதவீதத்தில் சேர்ந்தவர்களின் கட்டணம்: 2021 ஆகஸ்டில் என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் சட்டமானது. 2021 செப்டம்பர் 20-ந்தேதி அண்ணா பல்கலைக்கழக விழாவில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின், இவர்களின் கல்வி கட்டணம், விடுதி கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்றார். இடம் சட்டத்தால் வந்தது. கட்டணம் அறிவிப்பால் வந்தது.

* எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: இது மத்திய அரசு திட்டம். எஸ்.சி. மாணவர்கள் பங்கில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று 2020 டிசம்பரில்தான் முடிவானது. அதற்கு முன்பு இருந்த கணக்கில் மாநிலத்தின் தலையில் பெரிய பாரம் விழுந்தது.

* புதுமைப்பெண்: அரசு பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் கல்லூரி போனால் மாதம் ரூ.1,000. 2022 செப்டம்பர் 5-ந்தேதி தொடங்கியது. மாணவர்களுக்கு தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டில். இரண்டுமே திட்டங்கள்.

கவனித்துப் பார்த்தால் இந்த நாலில் ஒன்றில் கூட, 'இந்த பணம் என் உரிமை' என்று சட்டத்தின் பிரிவை காட்டி கேட்க முடியாது.

இதனால் என்ன நஷ்டம், பணம் வருதே என்று கேட்கலாம். வரும்வரை நஷ்டம் இல்லைதான்.

லேப்டாப் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2011-ல் பிளஸ்-2 மாணவர்களுக்கு தொடங்கியது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் வாங்கினார்கள். கொரோனா காலத்தை ஒட்டி நின்று போனது. அதற்கு அப்புறம் வந்த பிளஸ்-2 மாணவர்கள் வெறும் கையோடு வெளியேறினார்கள். பிறகு 2025-26 பட்ஜெட்டில்தான், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. இடையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு கேட்க வழி இல்லை. சட்டம் இருந்தால்தானே கேட்பதற்கு?

இன்னொன்று. 2017-ல் வந்த ஒரு அரசாணை, தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு கொடுக்கும் தொகையை அரசு ஒதுக்கீட்டு கட்டண அளவுக்கு குறைத்தது. அரசின் பணம் தனியாருக்கு கூடுதலாக போகக்கூடாது என்பது சொல்லப்பட்ட நியாயம். ஆனால் மீதியை யார் கட்டுவது? பெற்றோர்தான்.

பணம் லேட்டானால் அடி யாருக்கு?

அரசு கொடுக்கும் பணம் ஒரு நாள் லேட்டானால் அதிகாரிக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் லேட்டானால் மாணவனுக்கு ஆகும். 'அரசு பணம் இன்னும் வரலை, நீ முதல்ல கட்டு, வந்ததும் திருப்பி தர்றோம்' என்று கல்லூரி ஆபீசில் சொல்வது பல குடும்பங்கள் கேட்ட வசனம். கந்து வட்டிக்கு வாங்கி கட்டுவார்கள். வட்டி அரசாணையில் வராது.

படிப்பு முடித்த பிறகும், பாக்கி இருக்கிறது என்று டிகிரி சர்டிபிகேட்டை, டி.சி.யை பிடித்து வைப்பதும் நடக்கிறது. இப்படி ஒரிஜினல் சர்டிபிகேட்டை கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018-லேயே சொல்லி இருக்கிறது. இது பல பெற்றோருக்கு தெரியாது.

அதேபோல், தனியார் கல்லூரி இஷ்டத்துக்கு பணம் கேட்கவும் சட்டம் விடவில்லை. கட்டாய நன்கொடை வாங்குவதை தடுக்க தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் உண்டு. தொழிற்படிப்பு கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அந்த தொகைக்கு மேல் கேட்டால் புகார் செய்யலாம். இங்கே சட்டம் இருக்கிறது, அமலாக்கம்தான் சரியாக இல்லை. ரசீது கொடுக்காமல் வாங்கும் பணத்துக்கு எந்த குழுவாலும் கணக்கு பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

சிதம்பரம் சொன்ன பாடம்

சட்டம் போட்டாச்சு, இனி அரசு கல்லூரி ஆச்சு, கட்டணம் குறைஞ்சிரும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகம் இதற்கு சாட்சி.

1929-ல் தொடங்கிய பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. ஊழியர் எண்ணிக்கை எக்கச்சக்கமாகி, சம்பளம் போட முடியாத நெருக்கடி வந்தது. 2013-ல் தமிழக அரசு சட்டம் கொண்டு வந்து பல்கலைக்கழகத்தை தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. கூடுதலாக இருந்த ஊழியர்கள் பின்னர் மற்ற அரசு கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் மாற்றப்பட்டார்கள்.

நிர்வாகம் அரசு கைக்கு வந்தது. கட்டணம் மட்டும் பழையபடியே. அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவ கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு சுமார் ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டினார்கள். மற்ற அரசு மருத்துவ கல்லூரிகளில் அதே படிப்புக்கு ரூ.13,610 தான்! ஒரே அரசு, ஒரே படிப்பு, கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சட்டம் வந்து 7 ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மாதத்தை தாண்டி போராட்டம் நடந்தது. கடைசியில் கல்லூரியை சுகாதாரத்துறையின் கீழ் கொண்டு வந்து, 2021 பிப்ரவரி தொடக்கத்தில் மற்ற அரசு கல்லூரிகளுக்கு இணையாக கட்டணத்தை குறைத்து அரசு உத்தரவிட்டது. இப்போது அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவ கல்லூரி.

2013 சட்டத்திலேயே 'கட்டணமும் அரசு கல்லூரி கட்டணமாகவே இருக்கும்' என்று ஒரு வரி எழுதி இருந்தால்? இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்கள் கட்டிய லட்சங்கள் மிச்சமாகி இருக்கும்.

பல்கலைக்கழக கஜானா காலி

மாணவனுக்கு மட்டும் இல்லை, பல்கலைக்கழகங்களுக்கும் இதே நிலைமைதான். சட்டம் போட்டு பல்கலைக்கழகத்தை உருவாக்குகிறது சட்டசபை. ஆனால் மானியம் எவ்வளவு என்பது ஆண்டுக்கு ஆண்டு பட்ஜெட்டை பொறுத்தது.

1857-ல் தொடங்கிய சென்னை பல்கலைக்கழகத்துக்கே என்ன நடந்தது? 2024 பிப்ரவரியில் வருமானவரித்துறை அதன் வங்கி கணக்குகளை முடக்கியது. வரி பாக்கி ரூ.424 கோடி என்றது. சம்பளம், பென்ஷன் போடுவதே திண்டாட்டம் ஆனது.

அரசு பல்கலைக்கழகத்துக்கு வருமானவரியா? இங்கேதான் முடிச்சு. ஒரு கல்வி நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருந்தால், அது அரசு பணத்தில் நடப்பது என்று கருதி வரி விலக்கு கொடுப்பது மத்திய அரசின் விதி. மானியம் பாதிக்கு கீழே இறங்கினால் அந்த விலக்கு ஆட்டம் காணும். அதாவது மாநிலம் கொடுப்பது குறைந்தால், மத்திய அரசு கேட்பது கூடும். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி.

மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்திலும் சம்பளம், பென்ஷன் கேட்டு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் போராடியதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்படி கஜானா காலியாகும்போது பல்கலைக்கழகம் என்ன செய்யும்? பரீட்சை பீஸ், சர்டிபிகேட் பீஸ் என்று மாணவன் பக்கம்தான் திரும்பும்.

பட்ஜெட்டும் ஒரு சட்டம்தான்

பலருக்கு தெரியாத ஒன்று, பட்ஜெட் பணத்தை செலவு செய்யவும் சட்டசபை சட்டம் போட்டாக வேண்டும் என்பது. ஒவ்வொரு துறைக்கும் மானியக்கோரிக்கை வைத்து ஓட்டெடுப்பு நடக்கும். பிறகு நிதி ஒதுக்க மசோதா நிறைவேறும். அது ஆண்டுதோறும் வந்து ஆண்டோடு முடியும் சட்டம்.

உயர்கல்வித்துறைக்கு 2023-24 பட்ஜெட்டில் ரூ.6,967 கோடி. 2024-25-ல் ரூ.8,212 கோடி. 2025-26-ல் ரூ.8,494 கோடி. அதே 2025-26-ல் பள்ளிக்கல்விக்கு ரூ.46,767 கோடி. தொகை கூடித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஆண்டு சுமார் 1,200 கோடி கூடுகிறது, அடுத்த ஆண்டு 300 கோடிகூட கூடவில்லை. நிச்சயம் இல்லாத வருமானம் என்றால் என்ன என்று தினக்கூலி வாங்குபவருக்கு சொல்லித்தர வேண்டியது இல்லை.

இந்த மானியக்கோரிக்கை விவாதம்தான் உண்மையில் கல்லூரி கட்டணத்தை முடிவு செய்யும் இடம். அது ஒரே நாளில் முடிந்து விடும். அன்றைக்கு உங்க தொகுதி எம்.எல்.ஏ. என்ன பேசினார் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

மசோதா எல்லாம் சட்டம் ஆகிவிடாது

சட்டசபையில் நிறைவேறிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு.

கல்வி, முதலில் மாநில பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலை காலத்தில் வந்த 42-வது அரசியல் சட்ட திருத்தம் அதை பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அதாவது மாநிலமும் சட்டம் போடலாம், மத்திய அரசும் போடலாம். மோதல் வந்தால் மத்திய சட்டம்தான் ஜெயிக்கும், ஜனாதிபதி ஒப்புதல் இருந்தால் தவிர. 'நீட்' விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றினார்கள். ஜனாதிபதி ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்-அமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். நுழைவுத்தேர்வை ஒழித்த 2006 சட்டம், மருத்துவ படிப்பை பொறுத்தவரை 'நீட்' முன்னால் செல்லாக்காசு ஆனது இப்படித்தான்.

துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதா 2022 ஏப்ரலில் நிறைவேறியது. ஒப்புதல் கிடைக்காமல் கிடந்தது. 2025 ஏப்ரல் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, கவர்னர் ஆர்.என்.ரவி நிறுத்தி வைத்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாக கருதப்படும் என்றது. மே 21-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு துணைவேந்தர் நியமன பிரிவுகளுக்கு தடை போட்டது. நவம்பர் 20-ந்தேதி, ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு பதில் சொன்ன 5 நீதிபதிகள் அமர்வு, கவர்னருக்கு கோர்ட்டு கால வரம்பு விதிக்க முடியாது, 'ஒப்புதல் கிடைத்ததாக கருதுவது' என்பதும் கூடாது என்றது. இந்த இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல், குழுக்களை வைத்தே ஓடின.

ஒரு மசோதா... ஒரு வாரம்!

இதற்கு நேர் எதிராக, மக்கள் விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதையும் 2025 அக்டோபர் காட்டியது.

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கல்லூரிகள் நிறைய உண்டு. நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு பணம். அதனால்தான் அங்கே உதவி பெறும் பிரிவில் கட்டணம் குறைவு. இந்த கல்லூரிகளை கட்டுப்படுத்த 1976-ல் இருந்து தனி சட்டம் இருக்கிறது. தறி ஓட்டுபவர், கொத்தனார், லாரி டிரைவர் வீட்டு பிள்ளைகள் பி.ஏ., பி.காம். படித்து மேலே வந்த இடங்கள் இவை.

2025 அக்டோபரில், தனியார் பல்கலைக்கழக சட்டத்துக்கு திருத்த மசோதா வந்தது. முன்பு 100 ஏக்கர் இருந்தால்தான் தனியார் பல்கலைக்கழகம். அதை மாநகராட்சி பகுதியில் 25 ஏக்கர், நகராட்சி, பேரூராட்சியில் 35 ஏக்கர், மற்ற இடங்களில் 50 ஏக்கர் என்று குறைத்தார்கள். அதோடு, ஏற்கனவே நடக்கும் கல்லூரிகளே, அரசு உதவி பெறும் கல்லூரிகள் உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி திறந்தது. அக்டோபர் 17-ந்தேதி மசோதா நிறைவேறியது.

ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. உதவி பெறும் கல்லூரி தனியார் பல்கலைக்கழகம் ஆனால் கட்டணம் என்ன ஆகும், இடஒதுக்கீடு என்ன ஆகும், ஆசிரியர் வேலை என்ன ஆகும் என்று கேள்வி எழுந்தது. கூட்டணி கட்சிகளும் எதிர்த்தன. ஒரே வாரத்தில், மசோதா மறுஆய்வு செய்யப்படும் என்று உயர்கல்வி அமைச்சர் கோவி.செழியன் அறிவித்தார்.

சட்டசபைக்கு வந்ததால்தான் அது ஊருக்கு தெரிந்தது. ஊருக்கு தெரிந்ததால்தான் கேள்வி வந்தது. இதுவே ஒரு அரசாணையாக ராத்திரியோடு ராத்திரியாக வந்திருந்தால் இத்தனை சத்தம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

என்ன வழி?

பீசையும் சட்டத்துக்குள் கொண்டு வந்தால் கஜானா தாங்காது என்று அதிகாரிகள் சொல்வது உண்டு. இன்றைக்கு எழுதிவிட்டால் நாளைக்கு வருமானம் குறைந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும், தேவைக்கு தகுந்தபடி மாற்றும் வசதி போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் புது செலவு ஒன்றும் கேட்கப்படவில்லை. ஏற்கனவே கொடுக்கும் பணத்துக்குத்தான் உறுதி கேட்கப்படுகிறது. 7.5 சதவீத சட்டங்களில், 'இந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவனின் கட்டணத்தை அரசே செலுத்தும், இத்தனை நாளுக்குள் செலுத்தும்' என்று ஒரு பிரிவை சேர்த்தால் போதும். முதல் பட்டதாரி சலுகையையும் அப்படியே சட்டமாக்கலாம். பணம் லேட்டானால் மாணவனை தொந்தரவு செய்யக்கூடாது, பாக்கி அரசுக்கும் கல்லூரிக்கும் இடையில் உள்ள கணக்கு என்றும் எழுதலாம். 69 சதவீதத்தை அரசாணையில் இருந்து சட்டமாக்கி காப்பாற்றிய அதே சட்டசபைதான் இது. செய்ய முடியாதது இல்லை.

அதுவரை பெற்றோர் கையில் இருப்பது கவனம் ஒன்றுதான். சலுகை வேண்டும் என்றால் கவுன்சிலிங் வழியாகவே சேர வேண்டும். நேரடியாக போய் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு பிறகு முதல் பட்டதாரி சலுகை கேட்டால் கிடைக்காது. முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் கவுன்சிலிங்குக்கு முன்பே விண்ணப்பித்து வாங்கி வைக்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசு பள்ளியில் படித்ததற்கான சான்றும் அப்படியே. கல்லூரியில் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்க வேண்டும்.

ஓட்டு கேட்டு வருபவர்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. 'எங்க பிள்ளைக்கு சீட் கொடுத்தீங்க, நல்லது. அந்த பீசை சட்டத்துல எப்ப எழுதுவீங்க?' இலவசம் என்று மேடையில் சொல்வது யாருக்கும் எளிது. அதை அரசிதழில் அச்சடித்துக் காட்டினால்தான் பிள்ளை பயம் இல்லாமல் நாலு வருஷம் படிப்பான்.